காதோர ரோஜா

தில்லிக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் இந்தி கற்ற வழிகள் பலவாகும். சிலர் காய்கறிக்காரரிடம் கற்றனர். சிலர் பேருந்து நடத்துநரிடம் வசை வாங்கிக் கற்றனர். அலுவலகம் சென்ற ஆடவர் தேர்வெழுதிக் கற்று, அதற்குரிய ஊக்கத்தொகையையும் பெற்றுக்கொண்டு, கற்றதை மறந்தனர். எங்கள் தாயாரோ சல்மா சுல்தானிடம் கற்றார்.

கும்பகோணத்தை அடுத்த சிற்றூரிலிருந்து 1974ஆம் ஆண்டில் மணமாகி வந்தவர் அவர். சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில் கீழ்த்தளத்து வீடு. தந்தையார் காலை எட்டரைக்குப் புறப்பட்டுவிட்டால், மாலை வரையில் அவரிடம் தமிழில் பேச யாருமில்லை. விநாயகர் கோயிலுக்குப் போகும் நாட்களில் மட்டும் நாலு வார்த்தை தமிழில் பேசித் திரும்புவார். தெருவில் கேட்ட இந்தி விரைந்து ஓடியது. விழுங்கி விழுங்கிப் பேசப்பட்டது. பஞ்சாபியும் அதில் கலந்திருந்தது. எங்கு ஒரு சொல் முடிந்து எங்கு மறு சொல் தொடங்குகிறது என்பதே அவருக்குப் பிடிபடவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் வீட்டிற்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்த பிறகுதான், ஒரு பெண்மணி நிதானமாக, சொல்லுக்குச் சொல் இடம்விட்டு, தம் முகத்தை நேரே பார்த்து இந்தி பேசுவதை அவர் முதன்முதலில் கண்டார். இரவு தவறாமல் எதிரே அமர்ந்தார். ஈராண்டில் தேறிவிட்டார்.

தேறிய விதம்தான் வேடிக்கை. செய்தியில் கற்ற இந்தி அல்லவா? சந்தையில் தக்காளிக்காரரிடம், “டமாட்டர் கே மூல்ய மே இத்னீ விருத்தி கியோன்?” என்று கேட்டார். தக்காளியின் விலைமதிப்பில் இத்துணை உயர்வு எதனால் என்று தமிழ்நாட்டுச் சந்தையில் ஒருவர் செந்தமிழில் வினவினால் எப்படியிருக்குமோ அப்படியிருந்தது அது. தக்காளிக்காரர் எழுந்து நின்று கைகூப்பி, “பஹன்ஜி, இது சந்தை, நாடாளுமன்றம் அல்ல” என்றாராம். ஆயினும் நாலணா குறைத்துக் கொடுத்தார். அதன் பிறகு தாயார் தம் இந்தியை மாற்றிக்கொள்ள வேண்டிய தேவையைக் காணவில்லை.

பெட்டி கறுப்பு வெள்ளை. இருபுறமும் இழுத்து மூடும் மரக்கதவு கொண்டது. அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்டிப் படம் பார்த்த காலம் அது. மொட்டை மாடியில் இருந்த ஆண்டெனாவைக் காகம் திருப்பிவிட்டால், நாங்கள் ஏறிச் சென்று திருப்பி, “வந்துவிட்டதா?” என்று மேலிருந்து கூவுவோம். சல்மா சுல்தான் எப்போதும் புடவைதான் அணிந்து வருவார். தலைப்பு கழுத்தை ஒட்டி வந்திருக்கும். காதோரத்தில், கூந்தலில் ஒரு ரோஜா மலர். நாட்டில் அந்த ரோஜாவை அறியாதார் அந்நாளில் இலர். எங்கள் வீட்டில் மட்டும் அது சாம்பல் நிறமாக இருந்தது. இன்று என்ன நிறம் என்பது இரவுதோறும் எழும் வழக்கு. தமக்கை சிவப்பு என்பாள். தாயார், “இந்தப் புடவைக்கு மஞ்சள்தான் வைத்திருப்பார்” என்பார். தந்தையார் தீர்ப்புச் சொல்ல மாட்டார்.

தீர்ப்பு மேல்வீட்டில் இருந்தது. 1982 ஆகஸ்ட் 15 முதல் வண்ண ஒளிபரப்புத் தொடங்கியது. நவம்பரில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் வந்தன. மேல்தளத்துச் சர்தார்ஜி குடும்பத்தார் அந்தப் போட்டிகளுக்காகவே வண்ணப் பெட்டி வாங்கினார்கள். அவரும் மத்திய அரசு ஊழியரே, வேறு அமைச்சகம். அவருடைய அன்னையை அவ்வீட்டார் பீஜி என்று அழைத்ததால் நாங்களும் பீஜி என்றே அழைத்தோம். செய்தி தொடங்கியதும் பீஜி மாடிப் படிக்கட்டின் தலைமாட்டில் வந்து நின்று, “லால்!” என்றோ “பீலா!” என்றோ ஒரே சொல்லில் நிறத்தைக் கூவி அறிவிப்பார். தாயார் கீழிருந்து, “நான் சொன்னேன் அல்லவா?” என்று எங்களைப் பார்ப்பார். இவ்வாறு இரு வீட்டுப் பெண்டிர்க்கும் நட்பு வளர்ந்தது. பீஜிக்குப் பஞ்சாபி தவிர வேறொன்றும் சரிவரத் தெரியாது. தாயாரின் இந்தியோ செய்தி இந்தி. எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பது எங்களுக்கு இன்றும் வியப்பே.

சல்மா சுல்தான் போபாலில் பிறந்தவர். தில்லி இந்திரப்பிரஸ்தா மகளிர் கல்லூரியில் ஆங்கிலத்தில் முதுகலை பயின்றவர். அறுபதுகளின் பிற்பகுதியில் அவர் தொலைக்காட்சிக்கு வந்தபோது, நம் நாட்டுத் தொலைக்காட்சியே குழந்தைப் பருவத்தில்தான் இருந்தது. 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முறையில் தொடங்கிய ஒளிபரப்பு, 1965இல்தான் நாள்தோறும் நடைபெறலாயிற்று. அப்போது ஐந்தே நிமிடச் செய்தியறிக்கை ஒன்றும் உடன் வந்தது. அதை வாசித்தவர் பிரதிமா பூரி. அவரே இந்நாட்டின் முதல் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளர். அவர் வகுத்த வழியில் பின்வந்தோர் பலர். அவர்களுள் நெடுங்காலம் நிலைத்தவர் சல்மா சுல்தான்.

இன்றைய இளைஞர்க்கு அந்தத் தொழில் விளங்காது. மேசைமீது தட்டச்சு செய்த தாள்கள் இருக்கும். எதிரே எழுத்து ஓடும் திரை அன்று இல்லை. தாளைப் பார்க்க வேண்டும். வாக்கியத்தின் கடைசிச் சொற்களை மனத்தில் ஏந்திக்கொண்டு நிமிர வேண்டும். நேயர் முகத்தைப் பார்த்து அவற்றைச் சொல்லி முடித்துவிட்டு, விட்ட வரியைத் தவறாமல் பிடிக்க வேண்டும். இடையில் ஒரு கை நீண்டு புதுத் தாள் ஒன்றை வைக்கும். அதை முன்பே பார்த்ததுபோல் வாசிக்க வேண்டும். செய்தி வாசிப்பவர்களில் பலர் முழுநேர ஊழியரும் அல்லர். ஆங்கிலச் செய்தி வாசித்த தேஜேஸ்வர் சிங் பகலில் ஸேஜ் பதிப்பகத்தில் நூல் பதிப்பித்தவர். ஆங்கிலச் செய்தியின் கீதாஞ்சலி ஐயரை (2023இல் மறைந்தார்) நம்மவர் பலரும் பெயரை வைத்து நம்மூர்க்காரராகவே கொண்டாடினர். தந்தையாருக்கு இந்திச் செய்தியில் ஒரு மனக்குறை உண்டு. ‘தமில்நாடு’ என்று யார் வாசித்தாலும், “ழகரம்! ழகரம்!” என்று பெட்டியை நோக்கிக் கையசைப்பார். அது செவிசாய்த்ததில்லை.

கோடை விடுமுறையில் சென்னைக்குச் சென்றால் அங்கே சிற்றன்னை வேறு கட்சி. 1975இல் தொடங்கிய சென்னை நிலையத்தில் அப்போது ஷோபனா ரவி புகழ்பெற்றிருந்தார். “உங்கள் ரோஜாப்பூ அம்மாளைவிட எங்கள் ஷோபனா ரவியின் உச்சரிப்பைக் கேள், புடவையைப் பார்” என்பார் சிற்றன்னை. தாயார் விட்டுக்கொடுத்ததில்லை. தமிழ்ச் செய்திக்கு அவருக்கு வானொலி போதும். காலை ஏழேகாலுக்குத் தில்லியிலிருந்தே சரோஜ் நாராயண்ஸ்வாமியின் கணீரென்ற குரல் வந்துவிடும். அந்தக் குரலுக்கு முகம் தேவைப்படவில்லை. சல்மா சுல்தானிடமோ முகமே பாதிச் செய்தி என்று தாயார் சொல்லுவார். அந்த முகம் எதையும் காட்டாது. வெள்ளமாயினும் விழாவாயினும் ஒரே அமைதி. அதனாலேயே சொல்வது காதில் விழுந்தது.

சுமார் முப்பது ஆண்டுகள், 1997 வரையில், அவர் செய்தி வாசித்தார். அதன் பிறகு தொலைக்காட்சித் தொடர்கள் தயாரித்து இயக்கினார். குழந்தைகளுக்காகப் பஞ்சதந்திரக் கதைகள், பெண்கள் பிரச்சினைகளைப் பேசிய ‘ஜல்தே சவால்’ முதலியன. அத்தனை ஆண்டுகளில் அவர் வாசித்த எத்தனையோ இரவுகளுள் மக்கள் நினைவில் நிற்பது ஓரிரவு. எங்கள் வீட்டிலும் அதுவே.

1984 அக்டோபர் 31, புதன்கிழமை. தீபாவளி கழிந்து ஒரு வாரம். எங்களுக்கு ஏழு வயது. லட்சுமிபாய் நகர்த் தமிழ்ப் பள்ளியிலிருந்து நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காலை ஒன்பதேகால் மணியளவில் சப்தர்ஜங் சாலை இல்லத்தில் பிரதமர் இந்திரா காந்தி சுடப்பட்டார். சுட்டவர்கள் அவருடைய மெய்க்காவலர்களான இரு சீக்கியர்கள். வெளிநாட்டு வானொலி பகலிலேயே மரணத்தைச் சொல்லிவிட்டது. தெருவில் எல்லோரும் அறிந்திருந்தனர். ஆயினும் தாயார் நம்ப மறுத்தார். “அவர் இன்னும் சொல்லவில்லையே?” என்றார். மாலையில் மேல்வீட்டு வண்ணப் பெட்டியின் முன் இரு குடும்பமும் கூடியிருந்தோம். சுடப்பட்டுப் பத்து மணி நேரத்திற்கு மேலான பிறகு, தொலைக்காட்சியில் சல்மா சுல்தான் அதை அறிவித்தார். அந்த மாலையில் நிறத்தை யாரும் கேட்கவில்லை. பீஜி முக்காட்டை இழுத்து வாயில் வைத்துக்கொண்டு அழுதார். தாயாரும் அழுதார். சர்தார்ஜி எழுந்து சென்று வாசற்கதவைத் தாழிட்டார். ஏன் தாழிடுகிறார் என்று எங்களுக்கு விளங்கவில்லை. தந்தையாருக்கு விளங்கியிருக்க வேண்டும். அவர் அலுவலகத்திலிருந்து வரும் வழியில், மருத்துவக் கழகத்தை அடுத்த சாலையில், ஸ்கூட்டரில் சென்ற ஒருவரைக் கூட்டத்தார் நிறுத்தித் தலைப்பாகையைப் பறித்ததைக் கண்டுவிட்டு வந்திருந்தார். அதை அவர் எங்களிடம் சொன்னது பல ஆண்டுகளுக்குப் பிறகு.

மறுநாள் இருட்டும் முன் மேல்வீட்டார் நால்வரும் எங்கள் வீட்டிற்குள் வந்துவிட்டனர். யாரும் யாரையும் அழைக்கவில்லை. தாயார் சென்று பீஜியின் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தார், அவ்வளவே. சர்தார்ஜியை அரிசி, பருப்பு வைக்கும் சிறு அறையில் இருக்கச் செய்து, கதவின் குறுக்கே கட்டிலை இழுத்துப் போட்டோம். விளக்கை அணைத்தோம். ஊரடங்கு உண்டா, இராணுவம் வருகிறதா என்று அறிய வேண்டியிருந்தது. ஆனால் வெளியே ஓசை கேட்கக் கூடாது. தந்தையார் பெட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து, ஒலியை முற்றிலும் குறைத்துவிட்டு, காதை ஒட்டவைத்துக்கொண்டு அமர்ந்தார். நாங்கள் முகத்தை மட்டும் பார்த்தோம். வாசிப்பவரின் இதழ்கள் அசைந்தன, தாள் புரண்டது, நிமிர்ந்து எங்களைப் பார்த்தார், மீண்டும் குனிந்தார். பீஜி அந்த முகத்தையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஏதேனும் தெரிந்துவிடும் என்று அவர் நம்பியிருக்கலாம். தெரியவில்லை. தெரியாமல் வைத்திருப்பதற்குத்தானே அத்தனை பயிற்சி? வடக்கே வானத்தில் புகை எழுந்துகொண்டிருந்தது. எங்கள் தெருமுனையில் சர்தார் ஒருவருடைய உதிரிபாகக் கடை எரிந்து, ரப்பர் நாற்றம் சன்னல் இடுக்கின் வழியே வந்தது.

இரண்டு இரவுகள் அவ்வாறு கழிந்தன. பகலில் தீன் மூர்த்தி மாளிகையில் இறுதி மரியாதை செலுத்தும் கூட்டத்தை நேரடியாகக் காட்டினார்கள். அங்கே எழுந்த பழிவாங்கும் முழக்கமும் ஒளிபரப்பில் கேட்டதாகப் பின்னாளில் பலர் சாட்சியம் கூறினர். தில்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டனர் என்று 1987இல் அஹுஜா குழு கணக்கிட்டது. திரிலோக்புரியையும் மங்கோல்புரியையும் நோக்க எங்கள் தெருவில் நடந்தது சிறிது. ஆனால் அறையினுள் அடைபட்டிருப்பவர்க்குச் சிறிது பெரிது என்பது உண்டா?

நவம்பர் 3ஆம் நாள் தகனம் நடந்தது. ஊர் மெல்ல அடங்கியது. அதற்குப் பிறகு ஒரு மாத காலம் தாயார் செய்தி பார்க்கவில்லை. எங்களுக்கு அது பெருவியப்பு. ஒரு நாள் தந்தையார் கேட்டே விட்டார். தாயார் சொன்னார்: “மூன்று வருடமாக அவர் சொன்னதையெல்லாம் நம்பினேன். நம் தெருமுனையில் கடை எரிந்ததை அவர் சொல்லவில்லையே!”

தந்தையார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அவருக்கு எழுதிக் கொடுத்ததைத்தானே அவர் வாசிக்க முடியும்? நான் கோப்பில் எழுதும் கடிதத்தில் என் சொல் ஒன்றாவது உண்டா? மேலிருந்து வந்ததைத் திருத்தமாக எழுதி, கையெழுத்து வாங்கி அனுப்புகிறேன். அவர் அதையே முகம் காட்டிச் செய்கிறார். திட்டு விழுவதும் முகத்திற்குத்தான்” என்றார்.

அன்று அது சமாதானமாகத் தோன்றியது. தாயாரும் மறுநாள் முதல் மீண்டும் பெட்டியின் எதிரே அமர்ந்தார். பி.ஏ. முடித்து, தேர்வெழுதி, தந்தையார் அமர்ந்ததைப் போன்றதொரு நாற்காலியில் நாங்கள் வந்து அமர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட இந்நாளில், அது அத்துணைச் சமாதானமாகத் தோன்றவில்லை. கணவரை இழந்த முதியவர் ஒருவரின் ஓய்வூதிய விண்ணப்பத்திற்குச் சென்ற ஆண்டில், ‘பரிசீலனையில் உள்ளது’ என்று மூன்றாம் முறையாக வரைவு எழுதினோம். கோப்பு எங்கே நின்றுகிடக்கிறது என்று எங்களுக்குத் தெரியும், எழுத இயலாது. அந்த அம்மையார் நேரிலேயே வந்துவிட்டார். எங்கள் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். நாங்களும் எதையும் காட்டவில்லை. அவர் படியிறங்கிச் செல்லும்போது எங்கள் நினைவில் வந்தது, ஒலியில்லாப் பெட்டியின் முன் அமர்ந்திருந்த பீஜியின் கண்கள். மாலையில் வீடு திரும்பித் தாயாரிடம் இதைச் சொன்னோம். அவர், “எழுத முடியாவிட்டால் வாயால் சொல்லியிருக்கலாமே” என்றார். அந்த அம்மையாரின் முகவரி விண்ணப்பத்தில் இருந்தது. அடுத்த ஞாயிறன்று சென்று, யாரைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று வாயால் சொல்லிவிட்டு வந்தோம்.

பழைய கதையின் மீதியையும் சொல்லிவிடுகிறோம். 1985 பிப்ரவரியில் சர்தார்ஜி சண்டிகருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். தாயார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பீஜியும் இருக்க விரும்பினார். மருமகள் உறங்கவில்லை, அதுதான் காரணம். லாரியில் சாமான்கள் ஏறும்போது, வண்ணப் பெட்டியைச் சர்தார்ஜி எங்கள் கூடத்தில் கொண்டுவந்து இறக்கினார். வழியில் உடைந்துவிடும் என்றார். இலவசமாகக் கொடுக்க நினைத்துச் சொன்ன காரணம் அது. தந்தையார் ஒப்பவில்லை. அரை மணி நேரம் வாதாடி, 3,600 ரூபாய் என்று பேசி, மாதம் 200 வீதம் பதினெட்டுத் தவணை என முடிவாயிற்று.

மாதத்தின் முதல் வாரத்தில் பணவிடை அனுப்பும் பொறுப்பு எங்களுடையது. அந்தப் படிவத்தின் அடியில், பணம் பெறுபவர்க்கு நாலு வரி எழுத இடம் உண்டு என்பது அக்காலத்தவர்க்கு நினைவிருக்கும். இந்தியைக் காதால் மட்டுமே கற்றவர் தாயார், எழுத்து அறியார். ஆதலால் அவர் சொல்ல, தமக்கை எழுதுவாள். “யஹான் கீ ஸ்திதி சாமான்ய ஹை” என்பது எப்போதும் முதல் வரி. இங்கு நிலைமை இயல்பாக உள்ளது. செய்தியில் கேட்ட சொற்கள் அவை. கலவரம் நடந்த ஊர்களைப் பற்றி வாசிக்கும்போது வருவன. அதன் கீழே அவருடைய சொந்த இந்தி: மேல்வீட்டிற்கு வேறு ஆட்கள் வந்திருக்கிறார்கள், நல்லவர்கள்தாம், ஆனால் படிக்கட்டில் வந்து நிற்பதில்லை. பதினெட்டு மாதமும் சண்டிகரிலிருந்து சர்தார்ஜியின் கையொப்பமிட்ட ஒப்புகைச் சீட்டு மட்டும் திரும்பி வந்தது. தந்தையார் அவற்றை நூலில் கோத்துக் கோப்பில் வைத்தார். இன்றும் இருக்கிறது.

1986 ஆகஸ்டில் கடைசித் தவணை சென்றது. செப்டம்பரில் ஒரு உள்நாட்டுக் கடிதம் வந்தது. பீஜி சொல்லப் பேத்தி இந்தியில் எழுதியது. தமக்கை உரக்கப் படித்தாள். எல்லோரும் நலம். மருமகள் இப்போது உறங்குகிறாள். இங்கும் ஒரு பெட்டி வாங்கியிருக்கிறோம், பழையது, கறுப்பு வெள்ளை. செய்தி தெரிகிறது, அந்தப் பெண்ணும் தெரிகிறாள். அவள் வைத்திருக்கும் பூ இப்போது என்ன நிறம் என்று உன் தாயாரைக் கேட்டு எழுது.

அன்றிரவு செய்தி முடியும்வரை தாயார் அடுக்களைக்குப் போகவில்லை. காலையில் அஞ்சலட்டை வாங்கி வந்து தமக்கையிடம் கொடுத்தோம். தாயார் சொன்னார், அவள் எழுதினாள். ஸ்திதியைப் பற்றி ஒன்றும் இல்லை. “நேற்று பீலா. ஆனால் ரொம்ப வெளிறிய பீலா, எங்கள் ஊர்ச் சம்பங்கி போல.”